எல்லையோரத்து சீன டாக்டர்கள்

பாறசாலையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே வெளிச்சப் புள்ளிகள் நகரத் தொடங்கிவிடும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவி, வடியும் பாலுக்குச் சிரட்டையைச் சரி செய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வார்கள். வெயில் ஏறிவிட்டால் பால் உறைந்துவிடும். ஆகவே இருட்டில்தான் வேலை.

2020ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், இந்த ஊர்களின் சில வீடுகளில் அதே நேரத்தில் இன்னொரு விளக்கும் எரிந்தது. சீனாவின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை எட்டு மணிக்கு வகுப்பு என்றால் இங்கே ஐந்தரை. அப்பா தோட்டத்தில் இருக்க, மகளோ மகனோ செல்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு பேராசிரியர் நடத்தும் உடற்கூறியல் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிணத்தை அறுத்துப் படிக்க வேண்டிய பாடம் அது. திரையில் படம் வரும், போகும். மழை பெய்தால் அதுவும் வராது.

களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டர்கூட இராது. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் நெய்யாறு வந்துவிடும். வழி நெடுகத் தென்னை, மரச்சீனி, வாழை. உள்ளே தள்ளிப் போனால் ரப்பர். கடைப் பலகைகளில் மலையாளம் பெரிதாக, சில இடங்களில் அதன் கீழே தமிழ். கிழக்கே பனச்சமூட்டுச் சந்தையில் எந்தக் கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மீன் வாங்க வரும் உள்ளூர்க்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதும் இல்லை. மாமன் வீடு இந்தப் பக்கம், அத்தை வீடு அந்தப் பக்கம். திருவனந்தபுரத்துக்காரர்கள் இவர்களைப் 'பாண்டி' என்பார்கள். நாகர்கோவிலைத் தாண்டினால் இவர்களே 'மலையாளத்தார்' ஆகிவிடுவார்கள்.

இந்தக் கோடு 1956 நவம்பர் 1ஆம் தேதி போடப்பட்டது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் பகுதிகள் என்று உரிமை கோரிய ஒன்பது தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு வரை போன போராட்டம் அது. முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்குப் போயின. செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஓர் இரவில் மொழிச் சிறுபான்மையினர் ஆயின.

அந்தக் கோட்டின் விளைவுகளில் மருத்துவக் கல்வியும் ஒன்று என்பதை யாரும் அப்போது நினைத்திருக்க மாட்டார்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கப்பட்டபோது தோவாளை முதல் நெய்யாற்றின்கரை வரை எல்லோருக்கும் அது சொந்தக் கல்லூரி. ஐந்தே ஆண்டுகளில் விளவங்கோட்டுக்காரருக்கு அது அயல் மாநிலக் கல்லூரி ஆகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஆசாரிபள்ளத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வர அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நோயாளிகள் மட்டும் கோட்டை மதிக்கவில்லை. இன்றும் மார்த்தாண்டத்தில் நெஞ்சு வலி வந்தால் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள்.

இந்த மண்ணுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழையது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் சிகிச்சை தரத் தொடங்கினார். பின்னால் அங்கேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கப்பட்டு, அவர்கள் கிளை மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுக்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல், லண்டனில் கிடைக்கக்கூடிய பெரிய பதவியை விட்டுவிட்டு நெய்யூரில் கத்தி பிடித்தார். பாறசாலைக்குக் கிழக்கே காரக்கோணத்தில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோட்டின் மீது இங்குள்ள தாய்மார்களுக்கு இருக்கும் ஆசை நேற்று முளைத்ததல்ல. ஒரு தலைமுறை பெண்களை நர்ஸ்களாக வளைகுடாவுக்கு அனுப்பியது. அடுத்த தலைமுறை டாக்டர் ஆக வேண்டும் என்று அந்தப் பணம் கேட்டது.

ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே. தேசிய அளவிலான நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் வாங்குவது ஒன்று. அரசுக் கல்லூரியில் இடம் பிடிக்கும் அளவுக்கு வாங்குவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் விழுகிற பிள்ளைகள்தான் அதிகம். கேரளத்தின் சுயநிதிக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணமே ஆறேழு லட்சத்தைத் தொடும். வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு என்றால் அது இன்னும் பல மடங்கு. சீனப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் யுவான். அதாவது நாலு, நாலரை லட்சம் ரூபாய்க்குள். விடுதி வாடகையும் அதிகமில்லை. ஆங்கில வழி என்று விளம்பரம். கூடவே, கணக்குப் போடுகிற தகப்பன்மார் விளம்பரத்தில் மிகவும் விரும்பிப் படிக்கும் வரி: தலைவரி இல்லை.

சீனா இந்த ஊர்களுக்கு முழுக்க அந்நியமும் அல்ல. அடுக்களையில் தாளிக்கும் சட்டிக்கு இங்கே பெயர் சீனச்சட்டி. மாங்காய் ஊறுகாய் போடும் ஜாடி சீனப்பரணி. கொல்லம் துறைமுகத்துக்குச் சீனக் கப்பல்கள் வந்துபோன காலத்தின் மிச்சங்கள் இவை. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த, தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு ஒன்று 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்களின் சாட்சி அது. அவர்கள் மிளகும் துணியும் கொண்டுபோனார்கள். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் போனவர்கள் ஊறுகாயும் பிரஷர் குக்கரும் கொண்டுபோனார்கள்.

இனி வருவது பல வீடுகளின் கதை. ஒரே வீட்டில் நடந்ததாகச் சொல்வது வசதிக்காக. அப்பா நூற்றைம்பது ரப்பர் மரம் வெட்டுகிறவர், கொஞ்சம் சொந்தம், மீதி குத்தகை. அம்மா வளைகுடாவில் சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர். மகள் வீட்டில் தமிழ் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். 2018இல் நீட் எழுதினாள். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் நீட்டில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது அந்த ஆண்டுதான். தேறினாள், இடம் கிடைக்கவில்லை. முகவர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் ஈடு கேட்பார்கள். எனவே வீட்டின் 'ஆதாரம்' வங்கிக்குப் போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் நிலப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். அம்மாவின் வளையல்கள் பணயத்துக்குப் போயின.

ஜியாங்சு மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம். யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சமவெளி. மலையே தெரியாத ஊரைப் பாறசாலைப் பெண் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதிக் கட்டடம்; அதில் இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், வங்கதேசத்தவர், ஆப்பிரிக்கர்கள். வகுப்பு ஆங்கிலத்தில்தான். ஆனால் பேராசிரியரின் ஆங்கிலம் பழக ஒரு பருவம் ஆகும். அதற்குள் மாணவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள்: இந்தியப் பாடப் புத்தகங்களை ஊரிலிருந்து வரவழைத்து இரவில் தாங்களே படிப்பது. ஊருக்குத் திரும்பினால் எழுத வேண்டிய தேர்வு அந்தப் புத்தகங்களிலிருந்துதானே வரும்.

விடுதிக்கு வெளியே கால் வைத்தால் ஆங்கிலம் உதவாது. சந்தையில் முருங்கைக்காய் கிடையாது. கிடைக்கிற கீரையின் பெயர் கேட்கச் சீனம் வேண்டும். கடைக்காரர் கைவிரல்களாலேயே ஒன்று முதல் பத்து வரை காட்டுவார். ஆறுக்கும் எட்டுக்கும் அவர்கள் காட்டும் விரல் நமக்குப் புதிது. பணத்தைத் தாளாகக் கொடுத்தால் வினோதமாகப் பார்ப்பார்கள். கட்டணம், பேச்சு, வகுப்பு அறிவிப்பு, ரயில் டிக்கெட் எல்லாம் செல்பேசியில் வீசாட் என்ற ஒரே செயலிக்குள் அடக்கம். மாலையில் அதே செயலியில்தான் பாறசாலையிலிருந்து அழைப்பு வரும். "மக்களே, சோறு தின்னியா?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. தின்றது நூடுல்ஸாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

சீன மொழியை ஒரு பாடமாக எல்லோரும் படித்தாக வேண்டும். எச்.எஸ்.கே. எனப்படும் தேர்வில் நான்காம் படியை எட்டினால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுமதி. அந்தப் படிக்கு 1,200 சொற்கள். நோயாளி படுக்கையின் அருகே நின்று 'நாலி பு ஷுஃபு?' என்று கேட்க வேண்டும். உடம்புக்கு எங்கே சுகமில்லை என்று அர்த்தம். கேட்பது எளிது, பதிலைப் புரிந்துகொள்வதுதான் பாடு. ஜியாங்சுவின் கிழவிகள் பள்ளிக்கூடத்துச் சீனம் பேசுவதில்லை, வட்டார வழக்கில் பொரிந்து தள்ளுவார்கள். பக்கத்தில் நிற்கும் சீன மாணவருக்கே சில சமயம் புரியாது. எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிடச் சற்றுப் பழக்கமான சங்கடம். புத்தகத்தில் ஒரு மொழியும் வாசல்படியில் வேறொன்றுமாக வளர்ந்தவர்கள் அவர்கள்.

2020 ஜனவரி 25 சீனப் புத்தாண்டு. குளிர்கால விடுமுறைக்கு மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆறு வாரம்தானே என்று ஒரு பெட்டியோடு வந்தவர்கள்தான் பெரும்பாலும். புத்தகங்கள், வெள்ளைக் கோட், ஸ்டெதஸ்கோப், சீனச்சட்டி எல்லாம் விடுதி அறையிலேயே பூட்டிக் கிடந்தன. ஜனவரி 30ஆம் தேதி இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். வூஹானிலிருந்து திருச்சூருக்குத் திரும்பிய மருத்துவ மாணவி அவர். அடுத்த நான்கு நாட்களில் ஆலப்புழையிலும் காசர்கோட்டிலும் ஒவ்வொருவர். அவர்களும் வூஹான் மாணவர்களே. பிப்ரவரி முதல் இரு நாட்களில் ஏர் இந்தியாவின் இரண்டு விமானங்கள் வூஹானிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டுவந்தன. அவர்களில் மாணவர்களே மிகுதி.

கேரள அரசு, சீனாவிலிருந்து வந்தவர்கள் 28 நாட்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றது. வூஹான் எங்கே, ஜியாங்சு எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வரைபடத்தை விரித்துக் காட்டவா முடியும்? சுகாதார ஊழியர் தினமும் போன் செய்து காய்ச்சல் உண்டா என்று கேட்பார். பால்காரர் குவளையை மதில் மேல் வைத்துவிட்டுப் போவார். 'சீனாவில் படிக்கிற டாக்டர்' என்று பெருமையாகச் சொல்லப்பட்ட அதே வாக்கியம் ஒரே வாரத்தில் தெருவில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டது.

மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லைக் கோடு நிஜமாகவே முளைத்தது. களியக்காவிளையில் பிரதான சாலையில் சோதனை; கிராமங்களுக்கு இடையேயான சிறு வழிகள் அடைக்கப்பட்டன. அறுபத்து நான்கு ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தாத ஒரு கோட்டைத் தாண்டி அத்தை வீட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதைவிடப் பெரிய எல்லையை சீனா மூடிக்கொண்டது. மாணவர் விசாக்கள் நிறுத்தப்பட்டன. விடுமுறைக்கு வந்த மாணவர்கள் ஆறு வாரம் ஆறு மாதம் ஆகி, பிறகு ஆண்டுகளாகி, ஊரிலேயே தங்கிப்போனார்கள். அப்போது சீனாவில் பதிவு பெற்றிருந்த இந்திய மாணவர்கள் 23,000க்கும் மேல், பெரும்பாலோர் மருத்துவம்.

ஐந்தரை மணி வகுப்புகள் தொடங்கின. ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல். அந்த மாதம் 29ஆம் தேதி இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. பட்டியலில் வீசாட்டும் இருந்தது. வகுப்பு அட்டவணை, தேர்வு அறிவிப்பு, பேராசிரியரிடம் சந்தேகம் கேட்பது என அனைத்துக்கும் அதுதான் வழி. நவம்பரில் இன்னும் 43 செயலிகள் தடையாயின. பல பல்கலைக்கழகங்கள் இணைய வகுப்புக்குப் பயன்படுத்திய டிங்டாக்கும் அவற்றில் ஒன்று. லடாக்கின் பனி மலையில் நடந்ததற்குப் பாறசாலையில் ஒரு பெண் தன் வருகைப் பதிவை இழந்தாள். மாணவர்கள் மாற்று வழிகளைக் கண்டுபிடித்துச் சமாளித்தார்கள். அந்த வழிகளை விளக்கி எழுதாமலிருப்பது அவர்களுக்கு நல்லது.

கட்டணம் மட்டும் தடைபடவில்லை. பிணவறை இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, நோயாளி இல்லை, கட்டணம் உண்டு. வங்கியில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ரப்பர் ஷீட் விலை கடன் வாங்கும்போது போட்ட கணக்குக்குப் பல ஆண்டுகளாகவே ஒத்து வரவில்லை. சில பெற்றோர் உள்ளூர் மருத்துவமனைகளில் கெஞ்சி, பிள்ளையை வார்டில் ஓரமாக நின்று பார்க்கவாவது அனுமதி வாங்கினார்கள். அதற்குச் சான்றிதழ் கிடையாது. கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

இவ்வாறு இணையத்தில் படித்தவர்கள் டாக்டர்களா என்ற கேள்வி நீதிமன்றம் சென்றது. சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடைசிக் கட்டப் பயிற்சியை நேரில் முடிக்காத தமிழ்நாட்டு மாணவர்களின் வழக்கில், அவர்களைத் தற்காலிகமாகப் பதிவு செய்யச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். தேசிய மருத்துவ ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 29ஆம் தேதி வந்த தீர்ப்பு இரு பக்கமும் பார்த்தது. நோயாளியைத் தொடாத பயிற்சியை ஏற்க முடியாது; ஆனால் மாணவர்களின் திறமையை நாடு வீணாக்கவும் கூடாது, ஆணையமே ஒரு வழி வகுக்கட்டும். ஆணையம் வழி வகுத்தது. இறுதியாண்டில் ஊர் திரும்பி 2022 ஜூன் 30க்குள் பட்டம் பெற்றவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். தேறினால் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பயிற்சி. மற்ற ஆண்டுகளில் படித்தவர்களுக்கு என்ன என்பதை 2024 வரை அடுத்தடுத்து வந்த அறிவிப்புகள் சொல்லின, திருத்தின, மறுபடி விளக்கின. இணைய வகுப்பை நேர் வகுப்பாக ஈடு செய்ததற்குச் சான்று எங்கே என்பது அவற்றின் மையக் கேள்வி. காகிதம் தரவேண்டிய அலுவலகம் ஜியாங்சுவில், காகிதம் கேட்கும் அலுவலகம் டெல்லியில், காத்திருப்பது பாறசாலையில்.

ஆணையத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் தொழில் செய்ய 2002 முதல் ஒரு தகுதித் தேர்வு உண்டு. 300 கேள்விகள், 150க்குச் சரியாக விடை எழுதினால் போதும். சீனாவில் படித்தவர்களில் 2015 முதல் 2021 வரை 40,417 பேர் எழுதி, தேறியவர்கள் 6,387 பேர். 2022 செப்டம்பரில் பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் புதிய மாணவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையில் இந்த எண்கள் வெளியாயின. நூற்றுக்குப் பதினாறு. ஆங்கில வழி எம்.பி.பி.எஸ். நடத்த அனுமதி பெற்ற 45 பல்கலைக்கழகங்கள் தவிர வேறெங்கும் சேராதீர்கள் என்றும், மொழி தெரியாமல் வார்டில் நிற்க முடியாது என்றும் அதே அறிக்கை சொன்னது. இதை வாசலில் காப்பி குடிக்கும் முகவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

2021 நவம்பரில் வந்த விதிகள் புதியவர்களுக்கு இன்னும் கடினம். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, படித்த நாட்டில் தொழில் செய்யும் தகுதி, பிறகு இந்தியாவிலும் 12 மாதப் பயிற்சி. எல்லாம் பத்தாண்டுகளுக்குள். சீனாவில் தொழில் செய்யத் தகுதி என்றால் சீனத்தில் தேர்வு. 1,200 சொற்கள் அதற்குப் போதவே போதாது.

2022 ஆகஸ்டில் சீனா மறுபடி மாணவர் விசா தரத் தொடங்கியது. நேரடி விமானம் இல்லை. சுற்றுவழியில் போக வேண்டும். டிக்கெட் விலை பழைய விலையின் பல மடங்கு. இறங்கியதும் தனிமை முகாம், அதற்கும் கட்டணம். மிச்சமிருந்த வளையலும் பணயத்துக்குப் போன வீடுகள் உண்டு. போகாமல் நின்றுவிட்ட பிள்ளைகளும் உண்டு. நர்ஸிங்குக்கோ வேறு நாட்டுக்கோ மாறியவர்களும் உண்டு. நம் பாறசாலைப் பெண் போனாள். மூன்று ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது கோட் பழுப்பேறியிருந்தது. உயரம் அதே, ஆனால் உடம்புக்குக் கோட் பற்றவில்லை.

படிப்பை முடித்துத் திரும்பியபின் தொடங்குகிறது எல்லையோரத்துக்கே உரிய சிக்கல். தகுதித் தேர்வில் முதல் முறை பத்து மதிப்பெண் குறைவு, இரண்டாம் முறை வெற்றி. அடுத்து பயிற்சிக்கு மருத்துவமனை வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஒரு கல்லூரியின் பயிற்சி இடங்களில் ஏழரை சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ஆணையம் வைத்த வரம்பு. ஆகவே வரிசை. எந்த மாநிலத்து மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்வது, எந்த வரிசையில் நிற்பது? பத்து நிமிட நடை தூரத்தில் இரண்டு மாநிலங்கள் இருந்தும் அவள் நிற்கக்கூடிய வரிசை ஒன்றுதான்.

இந்தக் குடும்பங்களுக்கு இந்த வரிசை விஷயம் புதிதல்ல. தமிழ்நாடு 2020இல் தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் ஏழரை சதவீதம் ஒதுக்கியது. (இந்த ஏழரைக்கும் மேலே சொன்ன ஏழரைக்கும் சம்பந்தமில்லை, சனி பிடித்த எண் போலும்.) ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. களியக்காவிளையில் இருக்கும் மாமன் மகனுக்கு அது பொருந்தும். இஞ்சிவிளையில் அதே மொழி பேசி, அதே ஆலயத்துக்குப் போகும் அத்தை மகளுக்குப் பொருந்தாது. நாடார்கள் அந்தப் பக்கம் ஒரு பட்டியலில் ஒரு விதம், இந்தப் பக்கம் இந்து நாடார், தென்னிந்திய ஐக்கிய சபை நாடார் என்று வேறு விதம். 1956இல் கோடு போட்டவர்கள் எந்த மொழி எங்கே அதிகம் என்று பார்த்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய தமிழ்ப் பிள்ளை எந்த ஒதுக்கீட்டில் வருவாள் என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. எல்லா விதிகளும் சேர்ந்து ஒரு மாணவியை ஜியாங்சுவுக்குத் தள்ளின என்று சொன்னால் மிகை. வீட்டாரின் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் பத்து கிலோமீட்டர் கிழக்கே பிறந்திருந்தால் வேறொரு கணக்கு வந்திருக்கக்கூடும் என்பதை இந்த ஊர்களில் எல்லோரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆட்கள் போகாமல் இல்லை. 2025 அக்டோபரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நேரடி விமானங்கள் மறுபடி தொடங்கின. முதலாவது கொல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்கு. நெய்யாற்றின்கரையிலிருந்து கொல்கத்தா போவதே ஒரு வெளிநாட்டுப் பயணம்தான். கேட்கிற கேள்விகள் மட்டும் மாறியிருக்கின்றன. 2018இல் பெற்றோர் கட்டணம் எவ்வளவு, இந்தியச் சாப்பாடு உண்டா என்று கேட்டார்கள். இப்போது அந்தப் பல்கலைக்கழகம் 45இல் ஒன்றா, பயிற்சி அங்கேயா இங்கேயா, திரும்பி வந்து எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கிறார்கள். போய் வந்தவளிடம் கேட்கிறார்கள், முகவரிடம் அல்ல.

அவள் ஒரு வழியாகப் பயிற்சிக்கு இடம் கிடைத்து ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். வெளிநோயாளிப் பிரிவில் காலை ஏழரைக்கே கூட்டம். முதலில் வந்த பெரியவரிடம் "எந்தா ப்ரஸ்னம், அப்பூப்பா?" என்று கேட்கிறாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர், பனச்சமூட்டிலிருந்து வந்த அம்மா, முழங்காலைத் தடவியபடி நிற்கிறார். "எங்க நோவுது, பாட்டி?" இதற்கிடையே நாக்கு நுனியில் 'நாலி பு ஷுஃபு' வந்து நின்றுவிட்டுப் போகிறது, அவசரத்தில் ஒரு முறை அது வாய்விட்டே வந்துவிட்டது. பாட்டி அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்து, அது இருக்கட்டும் மக்களே, போன தடவை தந்த வெள்ளைக் குளிகையே போதும் என்றாராம்.

வீட்டு ஆதாரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அப்பா மூன்றரை மணிக்கு எழுந்து விளக்கைக் கட்டிக்கொள்கிறார். இரவுப் பணி முடிந்து மகள் வருகிற நாட்களில் இருவரும் தோட்டத்து வழியில் சந்தித்துக்கொள்கிறார்கள்.